ஓகினு வீட்டு வெறும் மாடம்

போர்வையை நல்லா இழுத்து மூடிக்கிட்டியா? சாமியை நெனச்சுக்கிட்டியா? நெத்தியில திருநீறு இருக்கா, இல்ல தலகாணிக்குப் பூசிட்டியா? சரி, கண்ணை மூடிக்கிட்டே கேளு. நடுநடுவுல "ம்" கொட்டணும். "ம்" நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு மாடம் இருந்துச்சாம்.

"மாடமா? ராஜா இல்லையா?"

இல்ல தங்கம். இந்தக் கதையில மொதல்ல மாடம்தான், அப்புறம்தான் மனுசங்க. அந்த ஊரு ஜப்பான் தேசத்துல ஒரு மலையடிவாரத்துல இருந்துச்சு. உன் சின்ன மாமா கப்பல்ல வேலை பார்த்தப்போ அங்க போய்ட்டு வந்து சொன்ன கதை இது. பாதி அவன் சொன்னது, மீதி சொல்லச் சொல்ல தானா சேர்ந்துக்கிட்டது.

நம்ம வீட்ல டீ எப்படிக் குடிக்கிறோம்? அடுப்புல பொங்கும், ஒரு ஆத்து ஆத்துவோம், குடிச்சிட்டு டம்ளரைக் கவுத்துருவோம். அங்க அப்படி இல்ல. டீ குடிக்கறதுக்குன்னே தனியா ஒரு ரூம். அதுக்கு இத்துனூண்டு வாசல். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் தலையைக் குனிஞ்சு, முட்டி போட்டு, தவழ்ந்துதான் உள்ள போகணும். உள்ள போனா எதிர்ல ஒரு மாடம். நம்ம வீட்டு சாமி மாடம் மாதிரி, ஆனா பெரிசா, ஆள் உசரத்துக்கு இருக்கும். சாமி மட்டும் இருக்காது.

"அப்போ என்ன இருக்கும்?"

சொவத்துல ஒரு சுருள்படம் தொங்கும். சுருட்டி வச்சு, வேணும்னா விரிச்சு மாட்டற படம். அதுக்குக் கீழ ஒரு பூ ஜாடி. பக்கத்துல ஒரு வாசனைச் சிமிழ். என் குங்குமச் சிமிழ் இருக்குல்ல, அது மாதிரி, ஆனா உள்ள சாம்பிராணி மாதிரி வாசனைக்கட்டை. டீ குடிக்க வந்தவங்க உள்ள வந்த உடனே டீ எங்கேன்னு கேட்கக் கூடாது. மொதல்ல அந்த மாடத்துக்கு முன்னாடி மண்டி போடணும். விசிறியை முன்னாடி வச்சு, கும்பிட்டு, ஒவ்வொரு சாமானா பார்த்துப் புகழணும்.

அவங்க புகழ்ந்தா வீட்டுக்காரங்க என்ன செய்யணும் தெரியுமா? தாழ்த்திச் சொல்லணும். அதுதான் அங்க மரியாதை. நம்ம வீட்டுக்கு வந்தவங்க "சேலை நல்லாருக்கே"ன்னா நான் என்ன சொல்லுவேன்? "இது பழசுங்க, வீட்ல கட்டறது"ன்னு சொல்லுவேன்ல. புதுசா இருந்தாலும் அப்படித்தானே சொல்லுவேன். அது மாதிரி. வந்தவங்க தூக்கணும், வீட்டுக்காரங்க எறக்கணும். இதை மனசுல வச்சுக்கோ. கதையே இதுலதான் ஓடுது.

"ம்."

அந்த மலையடிவாரத் தெருவுல கடைசி வீடு ஓகினுவோட வீடு, பின்பக்கம் நெறைய எடம். ஓகினு புருசனை எழந்தவ. மூணு பொண்ணு, மூணையும் தூர தூர ஊர்ல கட்டிக் குடுத்துட்டா. ஒரு கெட்டில், ஒரு கிண்ணம், ஒரு மூங்கில் மத்து, இவ்வளவுதான் அவ சொத்து. அவ வீட்லயும் டீ ரூம் இருந்துச்சு, மாடம் இருந்துச்சு. மாடத்துல என்ன இருந்துச்சு தெரியுமா?

"என்ன?"

பூசணிக்காய்.

"பூசணிக்காயா!"

ஆமா. அங்கதான் ஈரம் இல்லாம இருக்கும், எலி வராது. பெரிய பூசணிக்காய் ஒண்ணை நடு மாடத்துல ஒக்கார வச்சிருந்தா. அதுபாட்டுக்கு ராஜா மாதிரி ஒக்காந்திருந்துச்சு.

அப்போ ஒரு நாள் தெருவுல டம் டம் டம்முன்னு பறை அடிச்சுக்கிட்டு பிரபுவோட காரியக்காரர் வந்தாரு. பிரபுன்னா அந்த ஊருக்கே எஜமான். காரியக்காரர் நடுத்தெருவுல நின்னுக்கிட்டு, "எல்லாரும் கேட்டுக்கங்க. பிரபுவோட குதிரைங்களுக்கு லாயம் வேணும். இந்தத் தெருவுல ஒரு வீட்டை எடுத்துக்கப் போறோம். பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத வீடு எதுவோ, அந்த வீட்டை"ன்னாரு. சொல்லிட்டு வீடு வீடா ஏறி எறங்கினாரு. கடைசியா ஓகினு வீட்டுக்குள்ள தவழ்ந்து வந்து மாடத்தைப் பார்த்தாரு.

"இது என்ன?"

"பூசணிக்காய்ங்க."

"இதைப் பார்த்துட்டு நான் என்னன்னு புகழறது?"

"புகழ வேணாங்க. கொழம்பு வச்சா நல்லாருக்கும்."

காரியக்காரர் சிரிக்கலை. "லாயத்துக்கு இடம் கெடச்சிருச்சு"ன்னு எந்திரிச்சாரு. ஆனா பிரபு கொஞ்சம் நியாயஸ்தர். "ஒரு பொம்பளை வீட்டைப் பார்க்காம எடுக்கக் கூடாது. நானே போயி ஒரு வாய் டீ குடிச்சுப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்"னு சொல்லி அனுப்பிட்டாரு.

ஓகினுவுக்குக் கவலை வந்துருச்சு. அவளுக்குத் தன்னைப் பத்தி இல்ல. பொண்ணுங்களைப் பத்தி. மூணு பொண்ணும் எப்ப மனசு நொந்தாலும், எப்ப சிரிச்சுக்கிட்டு வந்தாலும், வந்து எறங்கற வாசல் அந்த ஒரு வாசல்தான். அது குதிரைக்குப் போயிட்டா அதுங்க எங்க வரும்? ஓகினு கையைக் கூப்பிக்கிட்டு, "சாமி, எனக்கு மாளிகை வேணாம். எம் பொண்ணுங்களுக்கு இந்த வாசலை மட்டும் விட்டு வை"ன்னு வேண்டிக்கிட்டா. வேண்டிக்கிட்டு சும்மா ஒக்காரலை. பூசணிக்காயைத் தூக்கி அடுப்பங்கரையில வச்சுட்டு, மாடத்துக்குச் சாமான் இரவல் கேட்கக் கெளம்பிட்டா.

"ம்."

மொதல்ல அரிசி வியாபாரி குன்பேய் வீட்டுக்குப் போனா. தெருவுலயே பெரிய வீடு அவருதுதான். பெரிய தொப்பையும் அவருதுதான். அவரு மாடத்துல ஒரு சுருள்படம், ஒரு கெளையில ஒரு காக்கா ஒக்காந்திருக்கும், அவ்வளவுதான்.

"ஏம்மா ஓகினு, இது லேசுப்பட்ட படம்னு நெனச்சியா? எங்க தாத்தாவுக்கு ஒரு பெரிய சாமியார் வரைஞ்சு குடுத்தது. ஒரே மூச்சுல வரைஞ்சாரு. ரெண்டாவது மூச்சே விடலை."

"ஐயையோ, போயிட்டாரா?"

"படம் முடியற வரைக்கும் விடலைன்னு சொல்றேன்மா!"

குன்பேய் தொப்பையைத் தடவிக்கிட்டாரு. பிரபு அவரு வீட்டுப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. அது அவருக்கு ஒரு கொறை. "பிரபு என் படத்துக்கு முன்னாடி மண்டி போட்டா சரி. அது எந்த வீட்டு மாடமா இருந்தா எனக்கென்ன? எடுத்துட்டுப் போ. ஆனா என்னுதுன்னு மூச்சு விடாதே. இரவல் சாமானை மாட்டி விருந்து வச்சேன்னு தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம். டீக்கு என்னையும் கூப்பிடு. பின்னாடி ஓரமா ஒக்காந்து, அவரு புகழறதைக் காதால கேட்டுக்கறேன்."

அப்புறம் வைத்தியர் ரியோசாய் வீட்டுக்குப் போனா. வைத்தியர் ஊசி மாதிரி ஒல்லி, குரலும் ஊசி மாதிரிதான். அவருகிட்ட ஒரு மூங்கில் பூ ஜாடி. அதுல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு விரிசல். தண்ணி ஊத்தினா சொட்டு... சொட்டு...ன்னு ஒழுகும்.

"விரிசல் இருக்கே வைத்தியரே?"

"அந்த விரிசலுக்குத்தாம்மா மதிப்பே! விரிசல் முன்பக்கம் தெரியற மாதிரி வைக்கணும். ஒரே ஒரு பூதான் போடணும். ரெண்டாவது பூ போட்டேன்னா நான் செத்தே போயிருவேன். சரி, டீக்கு நானும் வருவேன். என்னுதுன்னு சொல்லிராதே."

அப்புறம் பட்டுக்கடை சியோ அம்மா வீட்டுக்குப் போனா. சியோ அம்மா உள்ள போயி ஒரு பெட்டி கொண்டாந்தாங்க. பெட்டியைத் தொறந்தா பட்டுத்துணி. துணியைப் பிரிச்சா இன்னொரு பெட்டி. அந்தப் பெட்டியைத் தொறந்தா இன்னொரு பட்டுத்துணி. பிரிச்சுக்கிட்டே போறாங்க, போறாங்க, ஓகினுவுக்குக் கொட்டாவி வந்துருச்சு. கடைசியில எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மண் சிமிழ், காடை மாதிரி செஞ்சது. குண்டா, கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு.

"இதுமேல மூச்சுக் காத்து படக் கூடாது ஓகினு."

"கிட்டக்க போகாம எப்படிம்மா வைக்கறது?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வை. ஏதோ ஒன் வீடு போகுதேன்னு மனசு கேட்காமத் தர்றேன். நானும் டீக்கு வருவேன், சொல்லிட்டேன். என்னுதுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதே."

மூணு பேருக்கும் மத்த ரெண்டு பேரு குடுத்தது தெரியாது. நல்லாக் கேட்டுக்கோ, இது முக்கியம்.

"ம்..."

அப்புறம் அந்த நாள் வந்துச்சு. ஓகினு விடியறப்பவே எந்திரிச்சு கூட்டிப் பெருக்கி, வேலியில பூத்திருந்த ஒரே ஒரு ஊதாப்பூவைப் பறிச்சு ஜாடியில வச்சு, காக்காயை மாட்டி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு காடையை வச்சு, கெட்டிலை அடுப்புல ஏத்தினா. கெட்டில் உஸ்ஸ்ஸ்னு பாட ஆரம்பிச்சுது. வாசல்ல குன்பேயும் வைத்தியரும் சியோ அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. "நீங்களா?" "நீங்களுமா?" "சும்மா, கூப்பிட்டா, வந்தேன்." "நானும் சும்மாதான்."

பிரபு வந்தாரு. கத்தியை வெளியில மாட்டிட்டு, குனிஞ்சு உள்ள வந்தாரு. பத்தாத குனியல். டொக்! நெலையில தலை இடிச்சுது. அவரு பின்னாடி குன்பேய் வந்தாரு. தொப்பை வாசல்ல மாட்டிக்கிச்சு. வைத்தியர் பின்னாடியிருந்து தள்ள, தள்ள, ப்ளக்! ஆளு உள்ள வந்து விழுந்தாரு. அவரு பின்னாடி வைத்தியர், கடைசியா சியோ அம்மா. எல்லாரும் வரிசையா ஒக்காந்தாங்க.

பிரபு மாடத்துக்கு முன்னாடி மண்டி போட்டாரு. முட்டி ரெண்டும் கடக், கடக்னு சத்தம் போட்டுச்சு. முகத்தை ஸ்ஸ்னு சுளிச்சாரு. பக்கத்துல இருந்த ஓகினு மட்டும்தான் அதைப் பார்த்தா.

பிரபு காக்காயை ரொம்ப நேரம் பார்த்தாரு. "ஆஹா. ஆழமா இருக்கு. யாரு வரைஞ்சது?"

ஓகினுவுக்கு மரியாதை தெரியும்ல? வீட்டுக்காரி எறக்கித்தானே சொல்லணும்? தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஒண்ணுமில்லாத படமுங்க. யாரோ ஒரு சாமியார் தூக்கம் வராம கிறுக்கினது. சொவத்துல ஓட்டை, காத்து வருதேன்னு மறைச்சு மாட்டினேன்"னா.

பின்னாடியிருந்து க்ர்ர்ஹும்னு ஒரு செருமல். பிரபு, "அப்படியா, ஓட்டையை மறைக்கவா"ன்னாரு. அவ்வளவுதான். குன்பேய்க்கு முகம் தக்காளியாட்டம் செவந்துருச்சு.

"கிறுக்கினதா! ஓட்டையை மறைக்கவா! பிரபு, அது எங்க தாத்தா படம்! என்னுது!"

பிரபு மெதுவா திரும்பினாரு. "ஓ, உங்களுதா? அப்போ நீங்களே சொல்லுங்க, எப்பேர்ப்பட்ட படம் இது?"

குன்பேய் வாயைத் தொறந்தாரு. வைத்தியர் பார்க்கறாரு. சியோ அம்மா பார்க்கறாங்க. தன் சாமானைத் தானே புகழ்ந்தா ஊரே சிரிக்கும். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஒண்ணுமில்லாத படமுங்க"ன்னாரு.

"அதைத்தானே இந்தம்மாவும் சொன்னாங்க?"ன்னாரு பிரபு.

சியோ அம்மா பட்டு அங்கி நுனியால வாயைப் பொத்திக்கிட்டு களுக்னு சிரிச்சாங்க.

அப்புறம் பிரபு பூ ஜாடிகிட்ட நகர்ந்தாரு. கடக், கடக். ஜாடி சொட்டு... சொட்டு...ன்னு ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. "ஆஹா. ஆழமா இருக்கு. இந்த ஜாடி?"

ஓகினு யோசிச்சா. ரொம்ப எறக்கினதாலதானே அந்த மனுசனுக்குக் கோவம் வந்துச்சு? இந்தத் தடவை நடுவுல நிப்போம். "பரவால்ல ஜாடிங்க. ஒழுகறதைத் தவிர ஒரு கொறையும் இல்ல"ன்னா.

"பரவால்லயா!" வைத்தியரோட ஊசிக்குரல் கூரையில போயிக் குத்துச்சு. "கேவலமான ஜாடின்னு சொல்லியிருந்தாக்கூட மரியாதைன்னு விட்டிருப்பேன். பரவால்லன்னா நெஜமாவே பரவால்லன்னுல்ல அர்த்தம்! ஒழுகறது கொறையா? என் விரிசலையா சொன்னே?"

"இதுவும் உங்களுதா? அப்போ சொல்லுங்க வைத்தியரே, எப்படிப்பட்ட ஜாடி?"ன்னாரு பிரபு.

வைத்தியரும் தலையைக் குனிஞ்சாரு. "கேவலமான ஜாடிங்க"ன்னாரு.

தூங்கிட்டியா?

"இல்ல. காடை?"

வர்றேன், வர்றேன். அப்போ பிரபு காடைகிட்ட வந்தாரு. கடக், கடக், ஸ்ஸ். "ஆஹா. ஆழமா..." அதுக்குமேல சொல்லலை, கொட்டாவியை முழுங்கிக்கிட்டாரு. "இந்தச் சிமிழ்?"

ஓகினு மறுபடி யோசிச்சா. எறக்கினாலும் கோவம், நடுவுல நின்னாலும் கோவம். அப்போ தூக்கிற வேண்டியதுதான், மரியாதை கெட்டாலும் கெடட்டும், வீடு நின்னா போதும்! "பிரபு, இப்படி ஒரு சிமிழ் லோகத்துலயே கெடையாது! எட்டு ஊரு காடை வந்தாலும் இதுக்கு ஈடாகாது! இது என் வீட்ல இருக்கறது நான் செஞ்ச பாக்கியம்!"

பின்னாடி சியோ அம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க. "என் வீட்லயா? அடியே, எங்க மாமியா சிமிழை வச்சுக்கிட்டு நீ பாக்கியசாலி ஆயிருவியா? அவங்க ரெண்டு பேரு சாமானையாவது திட்டினே. அது தேவலாம். என்னுதை ஒன்னுதாவே ஆக்கிட்டியே!"

அதோட விட்டாங்களா? குன்பேய், "நீங்களும் இரவலா? இந்தக் காடையைக் குடுத்துட்டா என் காக்காய்க்குச் சமமாயிருமா?"ன்னாரு. வைத்தியர், "காக்காயும் காடையும்! என் ஜாடி இல்லேன்னா இது மாடமே இல்ல, கோழிக்கூண்டு!"ன்னாரு. சியோ அம்மா, "ஒழுகற ஜாடியை வச்சுக்கிட்டுப் பேச்சைப் பாரு"ன்னாங்க. பிரபு இருக்காரேன்னு யாருக்கும் நெனப்பே இல்ல. "இனிமே ஒரு நிமிசம்கூட என் படம் இங்க தொங்காது!" சர்ர்ருன்னு சுருட்டினாரு. "என் ஜாடியும்!" களக்னு தண்ணியைக் கொட்டினாரு. சியோ அம்மா மூச்சு படக் கூடாதுங்கறதையெல்லாம் மறந்துட்டு, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டே காடையைத் தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டாங்க. மூணு பேரும் ஒரே நேரத்துல அந்த இத்துனூண்டு வாசல்ல நொழைஞ்சாங்க. மாட்டிக்கிட்டாங்க. "தள்ளுய்யா!" "நீ தள்ளும்மா!" "என் விரிசல், என் விரிசல்!" ப்ளக்! ஒருவழியா வெளிய போயி விழுந்தாங்க.

"ம்... ஹி ஹி."

அப்புறம் ரூம்ல உஸ்ஸ்ஸ்னு கெட்டில் சத்தம் மட்டும்தான். மாடத்துல ஒரு ஆணி, ஜாடி இருந்த எடத்துல வட்டமா ஒரு ஈரம். அதைத் தவிர ஒண்ணுமில்ல.

ஓகினு அந்த வெறும் மாடத்தைப் பார்த்தா. குதிரைங்க அங்க நின்னு வாலை ஆட்டற மாதிரியே தெரிஞ்சுது. கண்ணு நெறஞ்சுது. ஆனா வந்த மனுசருக்கு இன்னும் டீ குடுக்கலையே? வீடு போனாலும் வந்தவருக்கு ஒரு வாய் குடுத்துட்டுத்தான் போகணும். கிண்ணத்துல பொடியைப் போட்டு, வெந்நீரை ஊத்தி, மூங்கில் மத்தால சரக் சரக் சரக்னு கடைஞ்சு, ரெண்டு கையாலயும் நீட்டினா.

பிரபு குடிச்சாரு. கடைசி வாயை ஸ்ஸூர்ர்ர்னு உறிஞ்சினாரு. அங்க அப்படி உறிஞ்சினாத்தான் மரியாதை. நீ இங்க செஞ்சேன்னா அடிதான்.

அப்புறம் பிரபு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துட்டு, மெதுவா கேட்டாரு. "அம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நெனக்க மாட்டீங்களே?"

"கேளுங்க பிரபு."

"காலை நீட்டிக்கட்டுமா?"

"நல்லா நீட்டிக்கங்க."

பிரபு காலை நீட்டினாரு. கடக், கடக், அப்பாடா! "எந்த வீட்டுக்குப் போனாலும் மண்டி போடு, பாரு, புகழு. ஒரு வீட்ல கொக்கு, ஒரு வீட்ல ஆமை, ஒரு வீட்ல கல்லு. எனக்குப் புகழற வார்த்தையெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு. 'ஆழமா இருக்கு', அது ஒண்ணுதான் மிச்சம். கல்லைப் பார்த்தும் அதையேதான் சொன்னேன்"ன்னாரு. வெறும் மாடத்தை ஒரு பார்வை பார்த்துட்டு, "இங்க வழக்கமா என்ன இருக்கும்?"ன்னு கேட்டாரு.

"பூசணிக்காய் இருக்குமுங்க."

"இப்போ எங்க?"

"அடுப்பங்கரையிலங்க."

"பசிக்குது"ன்னாரு பிரபு.

அப்போ ஓகினு என்ன செஞ்சா? பூசணிக்காயை வெட்டிப் போட்டு கொதிக்கக் கொதிக்க கொழம்பு வச்சா. பிரபு ரெண்டு கிண்ணம் குடிச்சாரு. புகழவே இல்ல. மூணாவது கிண்ணத்தை நீட்டினாரு, அவ்வளவுதான். குடிச்சு முடிச்சு, அந்த வெறும் மாடத்துக்கு முன்னாடியே கையைத் தலைக்கு வச்சு, கொர்ர்ர்ர்... கொர்ர்ர்ர்னு தூங்கிட்டாரு. ஓகினு ஒரு போர்வையைக் கொண்டாந்து போத்தி விட்டா. அந்த நேரத்துல அவரு பிரபு மாதிரி இல்ல, யாரு வீட்டுப் புள்ளையோ மாதிரி இருந்தாரு.

"ம்..."

பொழுது சாஞ்சப்போ பிரபு வெளியில வந்தாரு. காரியக்காரர் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. வேலிக்கு அந்தப் பக்கம் குன்பேயும் வைத்தியரும் சியோ அம்மாவும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னாங்க.

"பிரபு, உள்ள பார்க்கறதுக்கு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"ஒண்ணுமே இல்ல!"ன்னாரு பிரபு. முகமெல்லாம் சிரிப்பு. "அருமையான வீடு. இதைத் தொடாதே. மாசாமாசம் இங்க வருவேன்."

காரியக்காரர் முழிச்சாரு. "அப்போ லாயத்துக்கு எந்த வீட்டைங்க எடுக்கறது?"

"அதான் சொல்லியிருக்கேனே. பார்க்க ஒண்ணுமில்லாத வீடு எதுவோ, அது."

"இந்த வீடுதானுங்களே அது?"

"இதை விட்டுட்டுத் தேடு"ன்னு சொல்லிட்டு பிரபு குதிரையில ஏறிப் போயிட்டாரு. டக்கு டக்கு டக்கு.

வேலிக்குப் பின்னாடி மூணு பேருக்கும் முதல் பாதி மட்டும்தான் காதுல ஏறுச்சு. "ஒண்ணுமே இல்ல, அருமையான வீடு, மாசாமாசம் வருவேன்." மிச்சத்தைக் கேட்க யாரு நின்னா? வெட்டுக்கிளி மாதிரி ஓடினாங்க. வைத்தியர் ஜாடியைப் பரண்மேல ஏத்திட்டாரு. சியோ அம்மா காடையைப் பெட்டிக்குள்ள பெட்டிக்குள்ள பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. குன்பேய் காக்காயைச் சுருட்டி அரிசிக் குதிருக்குள்ள போட்டுட்டாரு. ஆணியைக்கூட பிடுங்கிட்டாரு, ஓகினு வீட்டைவிட வெறுமையா இருக்கணும்னு. மாடத்தைத் தொடைச்சு வச்சுட்டு பிரபு வருவாரு வருவாருன்னு மூணு பேரும் வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

பிரபு வரலை. காரியக்காரர்தான் வந்தாரு.

வைத்தியர் வீட்டு மாடம் வெறுமை. "சின்ன வீடு. குதிரைக்குப் பத்தாது"ன்னாரு காரியக்காரர். சியோ அம்மா வீட்டு மாடமும் வெறுமை. "வாசல் குறுகல். குதிரை நொழையாது"ன்னாரு. அப்புறம் குன்பேய் வீட்டுக்கு வந்தாரு. பெரிய வீடு, அகல வாசல். உள்ள போயிப் பார்த்தா, மாடத்துல ஒரு ஆணிகூட இல்ல!

"லாயத்துக்கு இடம் கெடச்சிருச்சு"ன்னாரு காரியக்காரர்.

"ஐயா, ஐயா! ஒண்ணுமில்லாத வீடுதான் அருமைன்னு பிரபு சொன்னாரே!"

"அது அந்த வீட்டை. எனக்குக் குடுத்த உத்தரவு வேற."

குன்பேய்க்குத் தலை சுத்துச்சு. விழுந்தடிச்சு ஓடி, குதிருக்குள்ள தலைகீழாத் தொங்கி, படத்தை எடுத்துட்டு வந்தாரு. தலையெல்லாம் அரிசி. படாருன்னு காக்காயை விரிச்சுப் பிடிச்சாரு. சத்தம் கேட்டு வைத்தியரும் சியோ அம்மாவும் வாசல்ல வந்து நின்னாங்க.

காரியக்காரரும் மரியாதை தெரிஞ்ச ஆளுதான். மண்டி போட்டாரு. விசிறியை முன்னாடி வச்சாரு. கும்பிட்டாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. "ஆஹா, அருமை! எப்பேர்ப்பட்ட படமுங்க இது?"

குன்பேய் அப்போ என்ன சொல்லியிருக்கணும்?

"தாத்தா படம்... ஒரே மூச்சு..."

அதைத்தானே சொல்லியிருக்கணும்! ஆனா காரியக்காரர் தூக்கிட்டாரு. வைத்தியரும் சியோ அம்மாவும் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. பொறந்ததுலேருந்து பழகின வாய் அது. தலை தானா குனிஞ்சுது, வாய் தானா தொறந்துச்சு.

"ஒண்ணுமில்லாத படமுங்க"ன்னாரு.

காரியக்காரர் விசிறியை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு. "நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் நான் என்ன செய்ய?"

"ம்... பாவம்."

பாவம்தான். நாலு நாள்ல அந்த மாடத்துல ஒரு செவலைக் குதிரை நின்னு வைக்கோல் தின்னுக்கிட்டு இருந்துச்சு. வைத்தியர், "எங்க வீட்ல எடம் பத்தாதே"ன்னு ஜாடியைத் தொடைக்கப் போயிட்டாரு. சியோ அம்மா, "எங்க வீட்டு வாசல்ல ஒங்க தொப்பை நொழையாதே"ன்னு கதவைச் சாத்திட்டாங்க. குன்பேய் ஒரு மூட்டையைத் தோள்லயும் படத்தைக் கக்கத்துலயும் வச்சுக்கிட்டு, தெருக்கோடியில ஓகினு வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. 

ஓகினு எட்டிப் பார்த்தா. சிரிக்கலை, குத்திக் காட்டலை. "வாங்க ஐயா. பின்பக்க ரூம் சும்மாதான் கெடக்குது. எங்க வீடு ஒண்ணுமில்லாத வீடுதான், பொறுத்துக்கங்க"ன்னா. வீட்டுக்காரி எறக்கித்தானே சொல்லணும்?

குன்பேய் தலையைக் குனிஞ்சாரு. பத்தாத குனியல். டொக்!

அப்புறம் பிரபு மாசாமாசம் வந்து, காலை நீட்டி, பூசணிக்காய் கொழம்பு குடிச்சு, வெறும் மாடத்துக்கு முன்னாடி தூங்கிட்டுப் போனாரு. ஓகினுவோட பொண்ணுங்களும் நெனச்சப்போ வந்து அந்த வாசல்லயே எறங்குச்சுங்க. பெரியவ ஒரு தடவை வந்தப்போ, பின்பக்க ரூம்ல சொவத்துல ஒரு காக்கா படம் தொங்கறதைப் பார்த்துட்டு, "ஐயா, படம் ரொம்ப அழகா இருக்கே, என்ன படம் இது?"ன்னு கேட்டா.

குன்பேய் கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டு, "ஒண்ணுமில்லாத படம்மா. சொவத்துல ஓட்டை, காத்து வருது, மறைச்சு மாட்டியிருக்கேன்"னாரு.

அன்னிக்கு அவரு சொன்னது நெசம்தான். ஓட்டை இருந்துச்சு, காத்தும் வந்துச்சு.

"ம்..."

"ம்" சின்னதாயிருச்சே. அவ்வளவுதான் தங்கம். காக்கா ஓட்டையை மூடிக்கிச்சு, காடை பெட்டியை மூடிக்கிச்சு, செவலைக் குதிரையும் நின்னுக்கிட்டே கண்ணை மூடிக்கிச்சு. நீயும் மூடிக்கோ. கதையை மாடத்துல ஏத்தி வச்சாச்சு. தூங்கு.